74 பேட்ச்சா, 71 பேட்ச்சா? பிட்ஸ்பர்கில் ஓயாத ஒரு வழக்கு

1974 ஜனவரி 29, 30. இந்த இரண்டு நாளில் அமெரிக்கக் கால்பந்தின் 26 தொழில்முறை அணிகள் 442 கல்லூரி ஆட்டக்காரர்களைப் பெயர் சொல்லி எடுத்துக்கொண்டன. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் எடுத்த முதல் ஐந்து பேர்: லின் ஸ்வான், ஜாக் லாம்பர்ட், ஜான் ஸ்டால்வொர்த், ஜிம்மி ஆலன், மைக் வெப்ஸ்டர். ஆலனைத் தவிர மற்ற நால்வருக்கும் இந்த ஆட்டத்தின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமில் இன்று வெண்கலச் சிலை இருக்கிறது. ஒரே டிராஃப்டில் நான்கு பேரை அந்த மண்டபத்துக்கு அனுப்பிய அணி வேறு எதுவும் இல்லை.

தீர்ப்பு அங்கேயே முடிந்துவிட்டது என்றுதான் தோன்றும். கிரீன் பே பேக்கர்ஸின் 1958 பேட்ச்சில் மூவர், டல்லஸ் கவ்பாய்ஸின் 1964 பேட்ச்சில் மூவர். நான்கைத் தொட்டவர் கிடையாது. ஆனால் பிட்ஸ்பர்கின் விசுவாசமான ரசிகர்களிடம் கேட்டுப் பாருங்கள். அவர்களில் ஒரு சாரார் 1971 என்பார்கள். சிலைகளை எண்ணாதே, கோப்பையை யார் தூக்கினார்கள் என்று பார் என்பது அவர்கள் கட்சி. மூத்தவர்கள் சிலர் 1969-ஐ விட்டுக்கொடுக்க மாட்டார்கள். வெளியூர் அணிகளோடு இருக்கும் போட்டியைவிட இந்த உள்ளூர் வழக்கு சுவையானது. ஒரு அணி எப்படி உருவாகிறது என்ற கேள்வியே இதற்குள் இருக்கிறது.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு விளக்கம். இது காலால் உதைத்து ஆடும் நம்மூர்க் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், எறிந்து பிடித்தும், எதிராளியைத் தள்ளி வீழ்த்தியும் ஆடுவது. டிராஃப்ட் என்பதும் ஐபிஎல் ஏலம் மாதிரி பணத்தால் தீர்வதில்லை. போன வருடம் மோசமாக ஆடிய அணி முதலில் எடுக்கும், கோப்பை வென்ற அணி கடைசியில் எடுக்கும். ஒரு சுற்று முடிந்தால் அடுத்த சுற்று. 1974-இல் இப்படி 17 சுற்று. காசு அள்ளி வீசி யாரையும் வாங்க முடியாது. எவன் தேறுவான் என்று கண்டுபிடிக்கும் கண் மட்டும்தான் ஆயுதம்.

நாற்பது வருடப் பட்டினி

அந்தக் கண் பிட்ஸ்பர்குக்கு வெகுகாலம் இருந்ததில்லை. ஆர்ட் ரூனி 1933-இல் தொடங்கிய இந்த அணி, 1972 வரை ஒரு பிளேஆஃப் ஆட்டத்தில்கூட வென்றதில்லை. 1955-இல் தாங்களே எடுத்த ஜானி யூனிடாஸைப் பயிற்சி முகாமிலேயே வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் பால்டிமோருக்குப் போய் அந்தக் காலத்தின் மிகப் பெரிய குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) ஆனார். 1957-இல் ஐந்தாவது ஆளாக லென் டாசனை எடுத்தார்கள், அவரையும் வைத்துக்கொள்ளவில்லை. அடுத்த இடத்தில் இருந்த கிளீவ்லாந்து ஜிம் பிரவுனை எடுத்துக்கொண்டது. பந்தை ஏந்தி ஓடியவர்களில் பிரவுனுக்கு நிகர் இல்லை என்று இன்றும் பலர் சொல்வார்கள்.

1969-இல் சக் நோல் தலைமைப் பயிற்சியாளராக வந்தார். அவருடைய முதல் தேர்வு வடக்கு டெக்சாஸ் ஸ்டேட்டிலிருந்து ஜோ கிரீன். யார் இந்த ஜோ என்று உள்ளூர்ப் பத்திரிகையே கேட்டது. அதே டிராஃப்டின் பத்தாவது சுற்றில் எல்.சி. கிரீன்வுட் வந்தார். அந்த வருடம் அணி ஒரே ஒரு ஆட்டத்தில் வென்று 13-இல் தோற்றது. அதே கணக்கில் முடித்த சிகாகோ பேர்ஸோடு நாணயம் சுண்டிப் பார்த்து, 1970-இன் முதல் தேர்வைப் பிட்ஸ்பர்க் பெற்றது. அப்படி வந்தவர் டெர்ரி பிராட்ஷா. மூன்றாம் சுற்றில் மெல் பிளவுன்ட். இரண்டு பேருமே பின்னாளில் ஹால் ஆஃப் ஃபேம்.

1969-க்காகப் பேசுபவர்களின் வாதம் எளிது: ஜோ கிரீன் இல்லாமல் இந்த அணியே இல்லை. அது உண்மை. ஆனால் அது ஒரு மனிதருக்கான வாதம், ஒரு பேட்ச்சுக்கான வாதம் ஆகாது. 1971 வேறு கதை.

71-இன் பலம்

1971 பட்டியலை மெதுவாகப் படித்துப் பாருங்கள். முதல் சுற்றில், எறியும் பந்தைப் பிடிக்கும் ரிசீவர் ஃபிராங்க் லூயிஸ். இரண்டாம் சுற்றில், தற்காப்பின் இரண்டாம் வரிசையில் நிற்கும் லைன்பேக்கர் ஜாக் ஹாம். மூன்றில் ஸ்டீவ் டேவிஸ். நான்கில் ஜெர்ரி முலின்ஸ், டுவைட் வைட். ஐந்தில் லாரி பிரவுன். எட்டில் எர்னி ஹோம்ஸ். பதினொன்றாம் சுற்றில், வேறு அணியாக இருந்தால் அசிரத்தையாக யாரோ ஒருவர் பெயரைச் சொல்லியிருக்கும் இடத்தில், மைக் வாக்னர். ஒரே வருடத்தில் கிட்டத்தட்ட ஒரு அணியையே எடுத்துவிட்டார்கள். 'ஸ்டீல் கர்ட்டன்' என்று உலகம் அறிந்த தற்காப்பு முன்வரிசை நால்வரில் கிரீனும் கிரீன்வுட்டும் 69, வைட்டும் ஹோம்ஸும் 71.

இவர்களில் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனது ஹாம் ஒருவர்தான். ஆனால் 1975 ஜனவரி 12 அன்று நியூ ஆர்லியன்ஸில் நடந்த லீகின் இறுதியாட்டமான ஒன்பதாவது சூப்பர் பவுலை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டீலர்ஸின் முதல் கோப்பை. மின்னசோட்டா வைக்கிங்ஸ் அன்று தரைவழியாக ஓடிச் சேர்த்தது வெறும் 17 கஜம். முதல் பாதியில் விழுந்த ஒரே புள்ளிகள் இரண்டு: எதிரணிக் குவார்ட்டர்பேக் ஃபிரான் டார்கன்டனை அவருடைய எல்லைக்குள்ளேயே தொட்டு டுவைட் வைட் எடுத்த சேஃப்டி. அந்த வாரம் முழுக்க நிமோனியாவோடு மருத்துவமனையில் கிடந்த மனிதர் அவர். எழுந்து வந்து ஆடினார். கடைசிக் கால் பகுதியில் ஆட்டத்தை முடித்துவைத்த டச்டவுன் லாரி பிரவுனுடையது. இடையில் 72-இல் வந்த ஃபிராங்கோ ஹாரிஸ் 158 கஜம் ஓடினார். 16-6.

அன்று 74 பேட்ச் எங்கே இருந்தது? லாம்பர்ட் நடு லைன்பேக்கராக முதல் அணியில் ஆடினார். ஸ்வானுக்கும் ஸ்டால்வொர்த்துக்கும் முன்னால் ஃபிராங்க் லூயிஸும் ரான் ஷாங்க்ளினும் இருந்தார்கள். வெப்ஸ்டருக்கு முன்னால் மூத்தவர் ரே மான்ஸ்ஃபீல்ட். நாற்பது வருடப் பட்டினியைத் தீர்த்தவர்கள் 69, 70, 71 ஆட்கள்தான். இந்த இடத்தில் 71 கட்சிக்காரர்கள் மேசையைத் தட்டுவார்கள். தட்டுவதில் நியாயம் இருக்கிறது.

அதற்கு இரண்டு வாரம் முன்பு ஓக்லாந்தில் நடந்த ஏஎஃப்சி பிரிவு இறுதியாட்டத்தின் ஒரு கட்டம் மட்டும் இந்த வழக்கில் எந்தப் பக்கமும் சேராது. நான்காவது கால் பகுதி, ஆட்டம் 10-10. ஜாக் ஹாம் எதிரணி எறிந்த பந்தை இடைமறித்து அவர்கள் எல்லைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். கொஞ்ச நேரத்தில் பிராட்ஷா எறிந்த பந்தைப் பிடித்து டச்டவுன் போட்டவர் புதுமுகம் லின் ஸ்வான். பறித்தவர் 71, முடித்தவர் 74.

பில் நன் என்ற பத்திரிகையாளர்

இந்த பேட்ச்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு பெயர் உண்டு. அதைச் சொல்லாமல் எந்த ஆண்டுக்கு ஓட்டுப் போட்டாலும் அது பாதி ஓட்டுதான்.

பில் நன், 'பிட்ஸ்பர்க் கூரியர்' என்ற கறுப்பினத்தவர் பத்திரிகையின் விளையாட்டு ஆசிரியர். தெற்கு மாநிலங்களின் பெரிய பல்கலைக்கழகங்கள் கறுப்பின மாணவர்களுக்குக் கதவடைத்திருந்த காலத்தில், அவர்களுக்கென்றே இருந்த கல்லூரிகளில் அபாரமான ஆட்டக்காரர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பற்றி எழுத ஆள் இல்லை. நன் ஊர் ஊராகப் போனார், பார்த்தார், எழுதினார். வருடாவருடம் கறுப்பினக் கல்லூரிகளின் தலைசிறந்த அணியைத் தேர்ந்து கூரியரில் வெளியிட்டார். அவரால் அடையாளம் காணப்பட்ட எத்தனையோ பேர் தொழில்முறை அணிகளுக்குப் போனார்கள். உள்ளூரிலேயே இருந்த ஸ்டீலர்ஸ் மட்டும் அவரை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அந்த மனக்குறையை அவர் மறைக்கவும் இல்லை. உரிமையாளரின் மகன் டான் ரூனியின் காதுக்கு இது எட்டியது. கூப்பிட்டுப் பேசினார். குறை சொன்னவரையே வேலைக்கு எடுத்தார்.

அதன் பலனைப் பட்டியலில் பாருங்கள். கிரீன்வுட் ஆர்கன்சாவின் ஏஎம்&என் கல்லூரி. பிளவுன்ட் சதர்ன். ஃபிராங்க் லூயிஸ் கிராம்பிளிங். ஹோம்ஸ் டெக்சாஸ் சதர்ன். ஸ்டால்வொர்த் அலபாமா ஏ&எம். எல்லாமே கறுப்பினக் கல்லூரிகள். மற்ற அணிகள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிய வாசல்களில் நன் உட்கார்ந்து பேசினார். பயிற்சியாளர்கள் அவரை இருபது வருடமாக அறிவார்கள். எங்கள் பையன்களைப் பற்றி எழுதியவர் என்ற மரியாதை அது. எந்த அணியாலும் காசு கொடுத்து அதை வாங்கியிருக்க முடியாது.

ஸ்டால்வொர்த் விஷயத்தில் இது எப்படி வேலை செய்தது என்று பிட்ஸ்பர்கில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த ஒரு கதை உண்டு. பல அணிகளின் ஸ்கவுட்கள் சேர்ந்து போய் அவரை ஓடவிட்டு நேரம் குறித்தார்கள். தரை ஈரம். நேரம் சுமார்தான். மற்றவர்கள் அடுத்த ஊருக்குக் கிளம்பினார்கள். நன் உடம்பு சரியில்லை என்று சொல்லித் தங்கிவிட்டார். மறுநாள் காய்ந்த தரையில் மறுபடி ஓடச் சொன்னார். இந்த முறை கிடைத்த நேரம் வேறு. கல்லூரியிடம் இருந்த ஆட்டப் படச்சுருளையும் இரவல் வாங்கி வந்தார். அது மற்ற அணிகளுக்குப் போய்ச் சேரவில்லை.

35 பெயர்கள்

படத்தைப் பார்த்த நோல் மயங்கிப்போனார். ஸ்டால்வொர்த்தை முதல் சுற்றிலேயே எடுக்க வேண்டும் என்று நின்றார். தேர்வுக் குழு அவரைத் தடுத்தது. ஆர்ட் ரூனி ஜூனியர், டிக் ஹேலி, நன் ஆகியோர் சொன்னது இதுதான்: ஸ்வானை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள், இப்போது விட்டால் போய்விடுவான், ஸ்டால்வொர்த்தை நாம் மட்டும்தான் சரியாகப் பார்த்திருக்கிறோம், அவன் காத்திருப்பான்.

எனவே 21-ஆவது ஆளாக தெற்கு கலிஃபோர்னியாவின் ஸ்வான். 46-ஆவது ஆளாக கென்ட் ஸ்டேட்டின் லாம்பர்ட். உயரம் இருந்தும் நடு லைன்பேக்கருக்கு வேண்டிய சதை இல்லை என்று பலர் ஒதுக்கிய பையன் அவர். மைதானம் சேறாகிக் கிடந்த ஒரு நாளில் கென்ட் ஸ்டேட் அணி வாகன நிறுத்துமிடத்தில் பயிற்சி செய்ததாம். அந்தத் தரையில் பாய்ந்து ஒருவரை வீழ்த்திய லாம்பர்ட், எழுந்து கையில் குத்தியிருந்த கரிக்கல் துண்டுகளைப் பிடுங்கிப்போட்டுவிட்டு மறுபடி வரிசையில் போய் நின்றார். ஸ்டீலர்ஸ் ஸ்கவுட் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் சுற்றில் ஸ்டீலர்ஸுக்குத் தேர்வே இல்லை, முன்பே கைமாறிவிட்டது. 46-க்குப் பிறகு அவர்களுடைய அடுத்த முறை 82. நடுவில் மற்ற அணிகள் 35 பெயர்களைச் சொல்ல வேண்டும். அந்த 35-இல் எந்த ஒன்றும் ஸ்டால்வொர்த்தாக இருந்திருக்கலாம். முதல் சுற்றில் தான் கேட்ட ஆளை விட்டுக்கொடுத்த நோலுக்கு அந்த நேரம் எப்படி நகர்ந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். எந்த அணியும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. 82, ஜான் ஸ்டால்வொர்த். ஐந்தாம் சுற்றில், 125-ஆவது ஆளாக, சென்டர் இடத்துக்கு உடம்பு போதாது என்று கழிக்கப்பட்ட விஸ்கான்சினின் வெப்ஸ்டர்.

17 சுற்றும் முடிந்த பிறகு, யாரும் பெயர் சொல்லாத ஒருவரை நன் அழைத்து வந்தார். தெற்கு கரோலைனா ஸ்டேட்டின் டானி ஷெல். டெம்பிள் பல்கலைக்கழகத்திலிருந்து ராண்டி கிராஸ்மனும் அதே மாதிரி எடுக்கப்படாதவராக வந்து சேர்ந்தார். அந்தக் கோடையில் ஆட்டக்காரர் சங்கம் வேலைநிறுத்தம் செய்தது. மூத்தவர்கள் வெளியே நின்ற வாரங்களில், லட்ரோபின் செயின்ட் வின்சென்ட் கல்லூரி முகாம் புதுமுகங்களின் கையில் இருந்தது. பயிற்சியாளர்களின் முழுக் கவனமும் அவர்களுக்கே கிடைத்தது. வேறு ஒரு வருடமாக இருந்தால் ஷெல் போன்ற ஒருவரை இவ்வளவு பொறுமையாகப் பார்த்திருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

விதி மாறியபோது

என் ஓட்டு 74-க்கு. சிலைகளை எண்ணி நான் இந்த முடிவுக்கு வரவில்லை. முதல் கோப்பைக்குப் பிறகு வந்த மூன்றுதான் என் சாட்சி.

1976 ஜனவரியில் டல்லஸுக்கு எதிரான சூப்பர் பவுல். ஸ்டீலர்ஸ் போட்ட டச்டவுன்கள் இரண்டு: ஒன்று கிராஸ்மன், இன்னொன்று ஸ்வான். முந்தைய ஆட்டத்தில் தலையில் அடிபட்டு மருத்துவமனைக்குப் போன ஸ்வான், அன்று நான்கு பந்துகளைப் பிடித்து 161 கஜம் சேர்த்தார். சூப்பர் பவுலின் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்ற முதல் ரிசீவர் அவர்தான். 1979-இல் மறுபடி டல்லஸ், 35-31. ஸ்டீலர்ஸின் ஐந்து டச்டவுன்களில் ஸ்டால்வொர்த்துக்கு இரண்டு, ஸ்வானுக்கு ஒன்று. 1980-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ராம்ஸ், 31-19. நான்கில் ஸ்வான் ஒன்று, ஸ்டால்வொர்த் 73 கஜத்தில் ஒன்று. கூட்டிப் பாருங்கள்: இந்த மூன்று ஆட்டங்களில் பிராட்ஷா எறிந்த டச்டவுன் பந்துகள் எட்டு. அவற்றில் ஏழு, 1974-இல் வந்தவர்களின் கையில் விழுந்தன.

இதற்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. 1978-இல் ஆட்டத்தின் விதிகளை மாற்றினார்கள். ஐந்து கஜத்துக்கு அப்பால் ரிசீவரைப் பிடித்துத் தள்ளக் கூடாது. தடுப்பு வரிசைக்காரர்கள் கையை நீட்டித் தடுக்கலாம். இதில் முதல் விதியை 'மெல் பிளவுன்ட் விதி' என்றே அழைத்தார்கள். பிளவுன்ட் ரிசீவர்களை அந்த அளவுக்கு மூச்சு முட்ட வைத்திருந்தார். 69-உம் 70-உம் 71-உம் சேர்ந்து கட்டிய தற்காப்புக் கோட்டைக்கு எதிராகவே எழுதப்பட்டதுபோல் இருந்தது அந்த மாற்றம். தற்காப்பை மட்டும் நம்பிய அணி அங்கேயே சரிந்திருக்கும். ஸ்டீலர்ஸ் சரியவில்லை. பிராட்ஷா அந்த வருடம் லீகின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் ஆனார். எறிவதற்கு இரு பக்கமும் இரண்டு மகத்தான ரிசீவர்கள், எறியும்வரை முன்னால் மலையாக நிற்க வெப்ஸ்டர். நான்கு வருடம் முன்பே எடுத்து வைத்திருந்தார்கள். தற்காப்புப் பக்கமும் 74 சும்மா இருக்கவில்லை: 1980 இறுதியில் ராம்ஸ் முந்தப் பார்த்த கடைசி நிமிடங்களில் பந்தை இடைமறித்தவர் லாம்பர்ட்.

71 கோப்பையைக் கொண்டுவந்தது. ஆட்டமே வேறாக மாறிய பிறகும் கோப்பை கைவிட்டுப் போகாமல் காத்தது 74. இரண்டில் கடினமானது பின்னது என்று நினைக்கிறேன்.

இந்தப் பெருமையைச் சொல்லும்போது வெப்ஸ்டரின் விலையையும் சொல்ல வேண்டும். பிட்ஸ்பர்குக்காக 15 பருவம், பிறகு கான்சஸ் சிட்டிக்கு இரண்டு. ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒவ்வொரு முறையும் தலையைக் கொடுத்து மோத வேண்டிய இடம் சென்டர். ஆட்டம் விட்ட பிறகு நினைவு குழம்பியது, தூக்கம் போனது, குடும்பமும் பணமும் கையைவிட்டுப் போயின. வண்டியிலேயே இரவைக் கழித்த நாட்கள் உண்டு. 2002 செப்டம்பரில் இறந்தபோது வயது 50. பிட்ஸ்பர்கில் உடற்கூறாய்வு செய்த நைஜீரிய மருத்துவர் பென்னட் ஒமாலு, அந்த மூளையில் சிடிஇ என்ற சிதைவு நோயைக் கண்டு 2005-இல் வெளியிட்டார். ஒரு தொழில்முறைக் கால்பந்து ஆட்டக்காரரின் மூளையில் அது கண்டறியப்பட்டது அதுவே முதல் முறை. அதன் பிறகு, இந்த விளையாட்டு தன் ஆட்களை என்ன செய்கிறது என்ற கேள்விக்கு யாராலும் கதவடைக்க முடியவில்லை. தலைசிறந்த பேட்ச் என்று நான் கைதட்டும் ஒவ்வொரு முறையும் வெப்ஸ்டரின் கடைசி வருடங்களும் கூடவே நினைவுக்கு வருகின்றன. வரத்தான் வேண்டும்.

இனி நடக்காது

74 மாதிரி இன்னொன்று வருமா என்று கேட்கிறார்கள். வராது என்பது என் எண்ணம். இன்று டிராஃப்ட் ஏழே சுற்று. 1985-இலிருந்து எல்லா அணிகளும் ஒரே இடத்தில் கூடி, ஒரே பையன்களை ஒரே தரையில் ஓடவிட்டு, ஒரே கடிகாரத்தில் நேரம் பார்க்கின்றன. எந்த மூலைக் கல்லூரியின் ஆட்டமும் எல்லோர் திரையிலும் இருக்கிறது. ஒரு படச்சுருளைப் பையில் வைத்துக்கொண்டு ஊர் திரும்ப இன்று யாராலும் முடியாது. அது நல்லதுக்குத்தான். அன்று நன்னுக்குக் கிடைத்த சாதகத்தின் அடியில் ஒரு நாட்டின் நிறப் பாகுபாடு இருந்தது. மற்றவர்கள் பார்க்க மறுத்ததால்தான் அவரால் தனியாகப் பார்க்க முடிந்தது.

ஷெல்லை 74 பேட்ச்சில் சேர்க்கலாமா என்பதில் மட்டும் இன்னும் சண்டை நடக்கிறது. அவர் எடுக்கப்படவே இல்லையே, எப்படிக் கணக்கில் வருவார் என்கிறார்கள். நான் சேர்க்கிறேன். 14 பருவம் ஆடி 51 பந்துகளை இடைமறித்தவர், நான்கு கோப்பைகள் வென்றவர், அதே கோடையில் அதே முகாமுக்கு, அதே நன்னால் அழைத்து வரப்பட்டவர். ஹால் ஆஃப் ஃபேம் அவரை 2020-இல்தான் தேர்ந்தெடுத்தது. அடுத்த வருடம் பில் நன்னைத் தேர்ந்தெடுத்தது. அவர் 2014-லேயே காலமாகிவிட்டார். கொரோனாவால் 2020 விழா தள்ளிப்போனதால், ஷெல்லும் நன்னும் 2021 ஆகஸ்டில் கான்டன் நகரில் ஒரே வாரத்தில் அந்த மண்டபத்துக்குள் போனார்கள்.